கை மாறக் கூடாது

கந்தர்வகோட்டை
3.7.2024

அன்புள்ள ஹேமா அக்காவுக்குக் கலைமதி எழுதுவது.

நான் நலம். அம்மாவும் தங்கச்சி ஐசுவும் நலம். அப்பா குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறார். கொல்கத்தாவில் மழை தொடங்கிவிட்டதா? உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

திடீரென்று கடிதம் ஏன் என்று நினைப்பீர்கள். போனில் கேட்க முடியாத விஷயம். வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா யாரோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தபால்கார இன்னாசி மாமாவின் போனை வாங்கிப் பேசலாம். அவர் நல்லவர், ஆனால் ஒரு நாளைக்கு எண்பது வீட்டு வாசலில் நிற்பவர். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை என் பெயருக்கு இன்னாசி மாமா மேற்பார்வை என்று போடுங்கள். பள்ளிக்கூட பஸ் ஏறும்போது வாங்கிக்கொள்வேன். காலேஜ் விண்ணப்பம் வரும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே மாதம் பொன்னமராவதியில் பெரியம்மா வீட்டில் நீங்கள் உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே கிராமத்துத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பதையும், அதைக் குடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதிப்பதையும் சொன்னீர்கள். போனில் ஒரு பெரியவரின் உள்ளங்கையைக் காட்டினீர்கள். மஞ்சளாக, மிளகு மிளகாகத் தடித்த புள்ளிகள். எல்லாரும் பார்த்துவிட்டுப் போனைக் கை மாற்றிக் கொடுத்தோம். எனக்கு மட்டும் அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

அம்மா கை அப்படித்தான் இருக்கிறது, அக்கா. முந்திரி உடைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தோட்டு எண்ணெய் பட்டுக் கை பொசுங்கும், கறுக்கும், தோல் உரியும். அம்மா சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவாள், இருந்தும் வரும். அதனால் யாரும் எதுவும் கேட்டதில்லை. முந்திரி எண்ணெய்க்கும் அதே மாதிரிப் புள்ளி வருமா? வரும் என்று மட்டும் எழுதினால் போதும்.

உங்கள்
கலைமதி

கொல்கத்தா
13.7.2024

என் செல்லக் கலைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மழையில் குடை உடைந்துவிட்டது, அவ்வளவுதான். உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து எழுதியது மாதிரியே தெரியவில்லை.

"வரும்" என்று மட்டும் எழுத ஆசைதான். முந்திரி எண்ணெய் தோலைச் சுடும், கறுக்க வைக்கும், அது உண்மை. ஆனால் நீ ஒன்று பார்க்க வேண்டும். சித்தியின் உள்ளங்கால் எப்படி இருக்கிறது? காலால் யாரும் முந்திரி உடைப்பதில்லை.

இன்னொன்று. தண்ணீர் என்றால் ஒரு வீட்டில் மட்டும் வராது. ஒரே குழாயில் பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இருக்கும். உங்கள் பக்கத்துத் தண்ணீரில் அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே இப்போதே பயப்பட வேண்டாம். பார்த்துவிட்டு எழுது. உன் உடம்பு எப்படி? ராத்திரி ரொம்ப நேரம் கண்விழிக்காதே.

அன்புடன்
ஹேமா

கந்தர்வகோட்டை
26.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஐசுவுக்குப் பல் விழுந்து, சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

உள்ளங்காலைப் பார்க்க நான்கு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா அசந்து தூங்கும்போது பார்த்தேன். குதிகாலிலும் விரலுக்குக் கீழேயும் கையைவிட அதிகமாக இருக்கிறது. தடவிப் பார்த்தால் அரிசி ஒட்டியதுபோல் இருக்கிறது. பக்கத்து வீட்டில் யாருக்கும் இல்லை. ஐசுவுக்கும் இல்லை.

முதல் கடிதத்தில் ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதது என்பதால் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முன்பெல்லாம் இளைப்பு வரும், உங்களுக்கு நினைவிருக்கும். முந்திரி வறுக்கிற புகை பட்டால் அன்று ராத்திரி படுக்கவே முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது குழந்தைசாமி வைத்தியரிடம் போனோம். செங்கல் நிறத்தில் ஒரு பொடி கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில், அரிசி எடைக்கு எடுத்து, தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். மூன்று கட்டுப்பாடு சொன்னார். வயதுக்கு வராத பெண் குழந்தை கையால் குழைக்க வேண்டும், ஆரம்பித்த பிறகு கை மாறக் கூடாது. மருந்து சாப்பிடுவதை வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. கிண்ணத்தில் மிஞ்சுவதைக் கழுவிக் கொட்டக் கூடாது.

அந்தக் கை என்னுடையது. ஏழு வருடமாகக் காலை ஆறு மணிக்கு நான்தான் குழைக்கிறேன். நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டு ஒரு மாதம் விடச் சொன்னார். விட்டால் இளைப்பு வருகிறது என்று அம்மா விடுவதே இல்லை.

மருந்து கேட்கிறது, அக்கா. அதுதான் எனக்குப் பயம். இளைப்பு நின்றது. ஆனால் இரண்டு வருடமாக வேறு ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. மாதம் ஒரு காய்ச்சல். முழங்காலில் பட்ட கீறல் ஆற மூன்று மாதம். போன மாதம் இடுப்பைச் சுற்றி அக்கி. மண்பானை செய்கிற வேளார் வந்து காவியால் அக்கி எழுதிவிட்டு, கரைத்த காவியில் மிச்சத்தைக் கொட்டாங்கச்சியிலேயே விட்டுப் போனார். இன்னும் கைகழுவும் இடத்தில் இருக்கிறது.

இந்தத் தாள் மடிப்பில் கொஞ்சம் பொடி வைத்திருக்கிறேன். நான் சொல்லிவிட்டதால் பலிக்காமல் போய்விடுமா? நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டாவது பதில் எழுதுங்கள்.

கலைமதி

கொல்கத்தா
3.9.2024

என் கலைக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் சிரிக்கவில்லை. பொடியை இரண்டு முறை சோதிக்கக் கொடுத்தேன். அதனால்தான் தாமதம்.

அதில் இருப்பது ஆர்செனிக். கொஞ்சம் அல்ல. நம் ஊரில் பாஷாணம் என்று சொல்வார்களே, அதுதான். படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் யாரும் இப்படி ஏழு வருடம் கொடுக்க மாட்டார். சித்தி இதை நிறுத்த வேண்டும்.

நீ உயிரியல் படிப்பதால் சொல்கிறேன். காய்ச்சலும் ஆறாத கீறலும் அக்கியும் தனித்தனி நோய் அல்ல. ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்கள்தான் நமக்குக் காவல். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. வகுப்பில் யார் எப்போது பேசுவது, யார் சும்மா இருப்பது என்று ஒரு ஒழுங்கு இருக்கும் அல்லவா, அதுபோல. வருடக்கணக்கில் ஆர்செனிக் உள்ளே போனால் மரபணுவின் எழுத்து அப்படியே இருந்தாலும் இந்த ஒழுங்கு கெடுகிறது. சில மரபணுக்கள் கிருமியே இல்லாதபோதும் உரக்கக் கத்தி வீக்கத்தை உண்டாக்குகின்றன. கிருமி வரும்போது பேச வேண்டியவை வாயைத் திறப்பதில்லை. அக்கிக் கிருமி சின்ன வயதிலிருந்தே உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பது. காவல் அசந்தால் எழுந்துவிடும்.

மருந்து கேட்கிறது என்று எழுதியிருந்தாய். இளைப்பை அது அடக்கியிருக்கலாம். கூடவே காவலையும் அடக்கிவிட்டது.

சில கேள்விகள். அந்த வைத்தியர் வீடு, ரோட்டிலிருந்து இறங்கியதும் நீல வாசல், வாசலில் அம்மி கவிழ்த்துப் போட்டிருக்குமே, அதுதானா? அவர் எத்தனை வருடமாக வைத்தியம் பார்க்கிறார்? அப்புறம், நீ குழைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாயா? கிண்ணத்தில் மிஞ்சுவதை என்ன செய்கிறீர்கள்?

உடனே எழுது.

ஹேமா

கந்தர்வகோட்டை
16.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காலாண்டுத் தேர்வு நடக்கிறது.

வைத்தியர் வீடு அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருடமாகப் பார்க்கிறார் என்கிறார்கள்.

அம்மாவிடம் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "ஏம்மா, இந்த மருந்து இன்னும் எத்தன நாளைக்கு?" என்றேன்.

"ஏன், கொழைக்க ஒனக்குக் கை நோவுதா?"

"இல்ல, ஸ்கூல்ல பயாலஜி மிஸ் சொன்னாங்க. பேரு தெரியாத மருந்து சாப்பிடக் கூடாதாம்."

"ஒங்க மிஸ்ஸு வந்து ஒரு நாள் வறுப்புக்கிட்ட உக்காரட்டும். அந்தப் பொகையில மூச்சு விட்டுட்டு அப்பறம் எனக்குப் பாடம் எடுக்கட்டும்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரியில குடுத்த பம்ப வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு மறந்துபோச்சா? நீ அப்ப இத்துனூண்டு. எந்திரிச்சு வந்து என் முதுக நீவிவிட்டுக்கிட்டே தூங்கிருவ."

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கப் போய்விட்டேன்.

தினமும் காலையில் குழைத்துக் கொடுக்கிறேன். அம்மாவும் சாப்பிடுகிறாள். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கலைமதி

கொல்கத்தா
1.10.2024

கலைக்கு,

நீ எழுதியது எனக்குக் கவலைதான் தருகிறது. கவலைப்படாதே என்று எழுதினால் கவலை போய்விடுமா?

பொறுக்க முடியாமல் நேற்றுச் சித்தியைப் போனில் கூப்பிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நாட்டு மருந்துகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு என்று பொய் சொல்லிக் கேட்டேன்.

"மருந்தா? எனக்கு எதுக்குடி மருந்து? கல்லு மாதிரி இருக்கேன். நீ எப்பக் கல்யாணம் பண்ணப் போறன்னு சொல்லு, வந்து முதப் பந்தியில உக்காந்து காட்டுறேன்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இளைப்பு நின்றுவிட்டது என்றுதானே எழுதினாய்?

கலை, தனியாக எதுவும் செய்துவிடாதே. மருந்தை நிறுத்துவதென்றால் இளைப்புக்கு நெஞ்சு டாக்டரிடம் காட்டிக்கொண்டேதான் நிறுத்த வேண்டும். வாயில் வைத்து இழுக்கிற பம்பு பழகிவிடும், பிறகு விட முடியாது என்று ஊரில் சொல்வது பொய். நான் ஜனவரிக்கு முன் வர விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கையைப் பற்றியும் கிண்ணத்தைப் பற்றியும் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாயா? உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

ஹேமா

கந்தர்வகோட்டை
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

உங்கள் செப்டம்பர் கடிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அம்மாவுக்கு நான் கொடுத்தது மருந்து இல்லை. வேளார் விட்டுப்போன காவி. காயவைத்து, பொடித்து, துணியில் சலித்தால் அதே நிறம். தேனில் குழைத்தால் வித்தியாசம் தெரியாது. மருந்தை அரிசி அரிசியாகக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். முப்பத்துமூன்று நாள். தனியாகச் செய்யாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்குள் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. வந்த பிறகும் நான் மாற்றவில்லை. எப்படி மாற்றுவது? விஷம் என்று தெரிந்த பிறகு எப்படிக் குழைப்பது?

அம்மாவுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். பதினைந்தாம் தேதி முந்திரி வறுப்பிலிருந்து வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. இன்னாசி மாமா ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நர்ஸ், "ஏம்மா, பம்பு எழுதிக் குடுத்திருக்குல்ல, எங்க அது? வேற ஏதும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினாள். நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் கிடந்தபடியே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடிக்கவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "யாருகிட்டயோ சொல்லிப்புட்டேல்ல? ஏழு வருசமா வராதது இப்ப ஏன் வரும்? அன்னிக்கு ஹேமா போன் பண்ணிக் கேக்குறப்பயே எனக்குச் சுருக்குன்னுச்சு." நான் இல்லையென்றேன். டப்பாவை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

ஒரு சந்தேகம், அக்கா. முப்பத்துமூன்று நாள் விஷம் உள்ளே போகவில்லையே. அதற்குள் அந்த வெள்ளணுக்கள் கொஞ்சமாவது சரியாகியிருக்குமா? சரியாகியிருந்தால் நான் செய்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

கலைமதி

கொல்கத்தா
17.11.2024

என் கலைக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: சிறுநீரில் ஆர்செனிக் சில நாளிலேயே குறைந்துவிடும். அதனால் நிறுத்துவது எப்போதும் நல்லது. ஆனால் அணுக்களுக்குள் கெட்டுப்போன ஒழுங்கு எப்போது திரும்பும், முழுக்கத் திரும்புமா என்பது எங்களுக்கே தெரியாது.

அந்த நீல வாசல் எப்படித் தெரியும் என்று கேட்டாய். எங்கள் ஆய்வில் ஆர்செனிக் குடித்தவர்களின் ரத்தத்தை, குடிக்காதவர்களின் ரத்தத்தோடு, எந்த மரபணு பேசுகிறது, எது பேசவில்லை என்று ஒப்பிடுவோம். குடிக்காதவர்கள் கூட்டத்துக்கு ஆள் குறைந்ததால் ஆய்வகத்தில் வேலை செய்கிற நாங்களே ரத்தம் கொடுத்தோம். பதினேழாம் எண் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராமல் கிராமத்துக்காரர்களின் பக்கமே போய் நின்றது. சோதனைக் குழாய் மாறியிருக்கும் என்று இரண்டு முறை திரும்ப எடுத்தோம். மூன்று முறையும் அதே இடம். பதினேழு நான்தான். இது ஜூன் மாதம் நடந்தது. காரணம் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

எனக்கும் சின்ன வயதில் இளைப்பு உண்டு. ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை தேனில் ஏதோ கொடுத்தார்கள். அந்த நீல வாசலும் கவிழ்ந்து கிடந்த அம்மியும் மட்டும் ஞாபகம் இருந்தன. என் அம்மாவிடம் கேட்டேன். போனிலேயே அழுதாள். உன் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனதே அவள்தான்.

நான் நிறுத்தி இருபது வருடம் ஆகிறது, கலை.

ஒரு ஆளின் ரத்தத்தை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. என் ஆசிரியர் பதினேழாம் எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். உன்னிடம் மறைக்கத்தான் நினைத்தேன். நீ மறைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நான் மறைப்பது சரியில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பர் இருபதாம் தேதி காலை உங்கள் வீட்டில் இருப்பேன். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவள் சொன்னால் சித்தி கேட்பாள். அதுவரை போனில் பேசி மறுபடி கெடுக்க மாட்டேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கிண்ணத்தில் மிஞ்சுவதை யார் சாப்பிடுகிறீர்கள்?

ஹேமா

கந்தர்வகோட்டை
28.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் கையை நினைத்துக்கொண்டேன். மே மாதம் நீங்கள் பூரிக்கு மாவு பிசைந்தபோது பக்கத்தில்தான் நின்றேன். கவனிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கொழைக்கிற கை வெளிய பேசிருச்சு. இனி இந்தக் கை ஆகாது" என்றார். ஆரம்பித்த கை மாறக் கூடாது என்றீர்களே என்று கேட்டேன். "ஆகாத கைய மாத்தாம என்னத்தா பண்றது?" என்று சிரித்துவிட்டு ஐசுவைப் பார்த்தார். "இங்கிட்டு வா பாப்பா. ஒனக்குத் தேன் பிடிக்குமா?"

ஐசுவுக்கு எட்டு வயது. பிடிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

திங்கள்கிழமையிலிருந்து அவள்தான் குழைக்கிறாள். அம்மா பெட்டியைத் திறந்து, தானே அளந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி காவிக்கு வழியில்லை.

நீங்கள் மூன்று முறை கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். மிச்சத்தைக் கழுவிக் கொட்டக் கூடாது. குழைத்த கையே வழித்து நக்கிவிட வேண்டும். ஏழு வருடமும் நான் நக்கினேன், அக்கா. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆசையாக நக்கினேன். தேனுக்காக எழுப்பாமலே எழுந்துவிடுவேன். சில நாள் அம்மாவுக்குத் தெரியாமல் கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதலாக ஒட்ட விட்டிருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் நான் நலம் என்று எழுதினேன். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எழுதியது. அந்தப் புள்ளிகளை என் உள்ளங்காலில் ஜூலையிலேயே பார்த்துவிட்டேன். இடது குதிகாலில் ஒன்பது, வலதில் ஆறு.

திங்கள்கிழமை காலை ஐசு விரலால் கிண்ணத்தை வழித்து வாய்க்குக் கொண்டு போனாள். கையைத் தட்டிவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "மருந்துடி அது. கீழ சிந்தினா குத்தம்" என்றாள். கழுவ விட மாட்டாள். கொட்ட விட மாட்டாள். விஷம் என்று சொன்னேன், அக்கா. கடைசியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "வெசமா இருந்தா ஏழு வருசத்துல நான் செத்திருக்கணும்ல? நீயும் செத்திருக்கணும்ல?" என்றாள். நானும் அவளும் உயிரோடு எதிரெதிரே நின்றுகொண்டிருந்தோம்.

அதனால் கிண்ணத்தைப் பிடுங்கி நானே நக்கிவிட்டேன். ஐசுவின் விரலையும் வாயில் வைத்துச் சுத்தமாகச் சப்பிவிட்டேன். ஐசு அழுதாள். "தேனுக்குச் சண்டையப் பாரு, பதினேழு வயசுல" என்று அம்மா சிரித்தாள். யார் நக்கினால் என்ன, வீணாகாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய், புதன், இன்று வியாழன். நானே.

நீங்கள் வர இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதுவரை காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து ஐசுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். ஐசு ஒரு சொட்டும் நக்க மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ரயிலைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலைமதி